கடலோர வீடு எரிந்துவிட்டது: அதே இடத்தில் மீண்டும் கட்ட முடியுமா?

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு மீனவர் குப்பத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டேன். நீளமான கடிதம், சுருக்கமாகத் தருகிறேன்.

கடலைப் பார்த்த வீடு. அப்பா 1989-ல் ஊராட்சியில் வரைபட ஒப்புதல் வாங்கித் தளம் போட்டுக் கட்டியது. 2019-ல் அப்பாவும் மகளும் சேர்ந்து வங்கியில் கடன் எடுத்து, பின்பக்கம் ஒரு சமையலறையும் குளியலறையும் சேர்த்தார்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மொத்தம் 620 சதுர அடி. அப்பா 2022-ல் காலமானார். அம்மாவும் இவரும் இவருடைய பிள்ளைகளும் அந்த வீட்டில் இருந்தார்கள். கணவர் ஓமனில் படகு வேலை. இந்த ஆண்டு தை மாதம் விடியற்காலையில் சமையல் எரிவாயுக் குழாயில் கசிவு ஏற்பட்டுத் தீப்பிடித்தது. அம்மாவுக்குக் கையில் தீக்காயம். உயிர்ச்சேதம் இல்லை. தளம் விரிந்து ஒரு பக்கம் சரிந்துவிட்டது. மூன்று சுவர்கள் நிற்கின்றன. தெற்குப் பக்கத்து ஓலை வீடும் அதில் இருந்த வலைகளும் எரிந்துபோயின. அவர்கள் 4 லட்சம் ரூபாய் கேட்கிறார்கள்.

வடக்கே ஒரு ரிசார்ட். அவர்களுடைய வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்: வீடு அழிந்ததோடு அங்கே கட்டும் உரிமையும் போய்விட்டது, மீறிக் கட்டினால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவோம் என்று. அதே ரிசார்ட் அண்ணனிடம் மனையை விலைக்குக் கேட்டிருக்கிறது. அண்ணன் சம்மதம் என்கிறார். "கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு இதுல என்ன பேச்சு" என்பது அவர் வாதம். காப்பீட்டு நிறுவனமோ, அந்த இடத்தில் மறுகட்டுமானத்துக்கே அனுமதி இல்லாதபோது புதுக் கட்டுமானச் செலவைத் தர முடியாது, தேய்மானம் கழித்துத்தான் தருவோம், அதிலும் அப்பாவின் பங்குக்கு வாரிசுச் சான்று வேண்டும் என்கிறது. ஊராட்சித் தலைவர் வாய்மொழியாக, "சி.ஆர்.இசட். (கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்) பகுதிம்மா, கையெழுத்துப் போட முடியாது. சத்தமில்லாம கட்டிக்கோ, யாரு கேக்கப் போறா" என்றிருக்கிறார். இவருக்கு, இந்த முறை மாடியும் எடுத்து மேலே சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விட வேண்டும் என்று எண்ணம். "பட்டா எங்கள் கையில் இருக்கிறது. ரிசார்ட்டே கட்டியிருக்கும்போது நாங்கள் ஏன் கட்டக்கூடாது?" என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் கை ஆறிவருகிறது என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தில் ஐந்து தகராறுகள் இருக்கின்றன. ஐந்தையும் ஒரே நேரத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு அலையாதீர்கள். ஒன்றுக்கு நீங்கள் சொல்லும் பதில் இன்னொன்றைக் கெடுத்துவிடக்கூடும். எதை முதலில் செய்வது என்பதில்தான் உங்கள் வழக்கின் பலமே இருக்கிறது.

அந்த சுனாமி வீடு யாருடையது?

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அண்ணன் சுனாமி குடியிருப்பில் இருக்கிறான்." எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். ரிசார்ட்டின் நோட்டீஸைவிட அது என்னை யோசிக்க வைக்கிறது.

சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச் 30 அன்று தமிழக அரசின் வருவாய்த் துறை அரசாணை எண் 172 வந்தது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் சேதமடைந்த வீட்டுக்காரர்களுக்கு அது இரண்டு வழி சொன்னது. 200 மீட்டருக்கு அப்பால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பிலான புது வீட்டை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். பதிலுக்குப் பழைய மனையையும் வீட்டையும் அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். போக விருப்பமில்லையா, இருக்கும் இடத்திலேயே சொந்தச் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம். அரசு உதவி கிடைக்காது. நம் கடற்கரையில் பல குடும்பங்கள் புது வீட்டையும் வாங்கிக்கொண்டு பழைய வீட்டையும் விடவில்லை. தொழிலுக்குக் கரையோரம் இருந்தாக வேண்டும், வேறு என்ன செய்வார்கள்? அதிகாரிகளும் அப்போது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் காகிதம் எங்காவது இருக்கும்.

அண்ணன் தனிக் குடும்பமாக, தன் பெயரில் வாங்கிய வீடு என்றால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. அப்பா அம்மா பெயரில், இந்த மனைக்கு ஈடாக ஒதுக்கப்பட்டதாக இருந்தால், நீங்கள் கட்ட நினைக்கும் நிலம் இப்போது அரசுடையது என்று வட்டாட்சியர் சொல்லக்கூடும். அந்தத் திட்டத்தில் கணவன் மனைவி இருவர் பெயரிலும்தான் வீடு கொடுத்தார்கள். ஆகவே அம்மாவிடம் முதலில் கேளுங்கள்: அந்தச் சமயத்தில் எதிலாவது கையெழுத்தோ கைநாட்டோ வைத்தாரா? பிறகு அந்தக் குடியிருப்பு வீட்டின் ஒதுக்கீட்டு ஆணையின் நகலைத் தாலுகா அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்குங்கள். பழைய மனையின் பட்டா இன்றும் அப்பா பெயரிலேயே ஓடுவது நல்ல அறிகுறி. அது ஒன்றே போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

இது தெளிவாகாமல் ஒரு மூட்டை சிமென்ட்கூட வாங்காதீர்கள். மேற்கொண்டு நான் எழுதுவதெல்லாம் மனை ஒப்படைக்கப்படவில்லை என்று வைத்துக்கொண்டுதான்.

பட்டா வேறு, கட்டும் உரிமை வேறு

பட்டா நிலம் யாருடையது என்பதைக் காட்டும் வருவாய்த் துறை ஆவணம். அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று அது சொல்லாது. வீட்டு வரி ரசீதும் அப்படித்தான். அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் வரி வசூலிப்பார்கள். ஆனால் வீடு எத்தனை ஆண்டாக இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. பத்திரமாக வையுங்கள்.

கடலோரத்தில் கட்டுவதற்கான விதி சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. முதல் அறிவிக்கை 1991 பிப்ரவரி 19 அன்று வந்தது. பிறகு 2011-லும் 2019-லும் புது அறிவிக்கைகள் வந்தன. உங்கள் அப்பா கட்டியது 1989-ல். ஆக, மூல வீடு எந்த சி.ஆர்.இசட். விதியையும் மீறிக் கட்டியதல்ல. இது உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம். ஊராட்சித் தலைவருக்கோ ரிசார்ட்காரருக்கோ இது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை.

2011 அறிவிக்கையின்படி, கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை வளர்ச்சி தடை செய்யப்பட்ட பகுதி. அதில் 100 முதல் 200 மீட்டர் வரை, அரசு வகுக்கும் திட்டத்துக்கு உட்பட்டு, மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்கள் வீடு கட்டவும் திரும்பக் கட்டவும் இடம் உண்டு. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் உள்ள கிராமப் பகுதிகளில் இந்தத் தடைப் பகுதியை 50 மீட்டராகக் குறைத்தது. மற்ற கிராமப் பகுதிகளில் 200 மீட்டரே. ஆனால் 2019 விதிகளின்படி தயாரித்த வரைபடம் ஒப்புதல் பெறும்வரை 2011 விதிகளே நீடிக்கும் என்று அந்த அறிவிக்கையே சொல்கிறது. எனவே மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்திடம் நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் புல எண்ணுக்கு இன்று செல்லுபடியாகும் வரைபடம் எது, அதில் என் மனை எந்த வகையில், கோட்டிலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கிறது?

"அலை வந்து நிற்கும் இடத்திலிருந்து டேப் வைத்து அளந்தோம், 70 மீட்டர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவு எடுபடாது. உயர் அலைக் கோடு நாம் கண்ணால் பார்க்கும் அலையல்ல. அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் குறித்து வரைபடத்தில் ஏற்றிய கோடு. உங்கள் அளவைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம்.

ஒருவேளை 70 மீட்டர்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வழி அடைந்துவிடவில்லை. தடைப் பகுதிக்குள்ளும், ஏற்கெனவே உள்ள அங்கீகரிக்கப்பட்ட கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் மறுகட்டுமானம் செய்யவும் அறிவிக்கை இடம் தருகிறது. நிபந்தனை மூன்று: பழைய தளப்பரப்புக் குறியீட்டைத் தாண்டக்கூடாது, பழைய அடித்தளப் பரப்பைத் தாண்டக்கூடாது, பழைய அடர்த்தியைத் தாண்டக்கூடாது. அதாவது நின்ற கால் அளவுக்குள், இருந்த தளங்களின் எண்ணிக்கையில், ஒரு வீடு இருந்த இடத்தில் ஒரே வீடு.

ரிசார்ட்டின் வழக்கறிஞர் பிடித்திருப்பது "ஏற்கெனவே உள்ள" என்ற சொற்களை. எரிந்துபோன வீடு உள்ள வீடா என்று கேட்கிறார். வாதம் கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் மறுகட்டுமானம் என்பதே விழுந்ததை எடுத்துக் கட்டுவது. முழுதாக நிற்கும் வீட்டை மட்டும்தான் திரும்பக் கட்டலாம் என்றால் அந்த அனுமதிக்குப் பொருளே இல்லாமல் போகும். உங்கள் பக்கம்தான் வலுவானது என்பது என் கருத்து. ஒரு நிபந்தனை: காலம் தாழ்த்தக்கூடாது. இடிபாட்டை அப்புறப்படுத்தி, ஐந்தாறு ஆண்டு வெறும் மணலாகக் கிடந்த பிறகு போய்க் கேட்டால், உள்ள கட்டடம் எங்கே என்று தீர்ப்பாயமே கேட்கும்.

இனி உங்களுக்குப் பிடிக்காத செய்தி. அங்கீகரிக்கப்பட்டது 1989 வரைபடத்தில் இருப்பது மட்டுமே. 2019-ல் சேர்த்த சமையலறையும் குளியலறையும் அதில் வராது. மாடியும் வராது; அடித்தளம் அதேதானே என்று சொன்னாலும் தளப்பரப்பு கூடிவிடுகிறது. அறை வாடகைக்கு விடும் எண்ணத்தை இந்த விண்ணப்பத்தில் எழுதவே வேண்டாம். குடியிருந்த வீடு, குடியிருக்க அதே அளவு வீடு. அவ்வளவுதான் உங்கள் கோரிக்கையாக இருக்க வேண்டும். அந்த அளவுக்குள் சமையலறையையும் கழிப்பறையையும் உள்ளே எப்படி மாற்றி அமைப்பது என்று ஒரு பொறியாளரிடம் கேளுங்கள். கடல் நீர் ஏறும் என்று அடித்தளத்தின் உயரத்தைக் கூட்ட நினைத்தால், பரப்பு கூடாமல் உயரத்தை மட்டும் வரைபடத்தில் வெளிப்படையாகக் காட்டுங்கள்.

"சத்தமில்லாமல் கட்டிக்கொள்" என்ற யோசனையைக் கேட்காதீர்கள். கேரளத்தில் மரடு அடுக்குமாடிகளுக்கு உள்ளூர் பஞ்சாயத்தின் அனுமதி இருந்தது. கடற்கரை மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் இல்லை. 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் அகற்றச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே வீடு வாங்கியவர்களுக்கு இடைக்கால இழப்பீடாகத் தலா 25 லட்சம் ரூபாய் தரும்படி நீதிமன்றம் சொன்னது. அனுமதி இல்லாமல் தானே கட்டிக்கொண்டவருக்கு அப்படி யாரும் தரமாட்டார்கள். மேலும், மீறலுக்கு இப்போது 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. யோசனை சொன்ன தலைவர் அந்த அபராதத்தைக் கட்டப்போவதில்லை.

"ரிசார்ட் கட்டியிருக்கிறதே" என்பதும் நீதிமன்றத்தில் நிற்காது. ஒருவர் விதியை மீறினார் என்பதால் எனக்கும் மீறும் உரிமை உண்டு என்று அரசியல் சாசனத்தின் சமத்துவ உரிமையைக் காட்டிக் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. அவர்களுக்கு சி.ஆர்.இசட். அனுமதி இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வைத்துக்கொள்வதில் தப்பில்லை. அதை உங்கள் விண்ணப்பத்தோடு சேர்க்காதீர்கள்.

சாம்பலை அள்ளுவதற்கு முன்

இடிபாட்டை அள்ள ஜேசிபிக்குச் சொல்லி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் வீட்டின் கால் அளவுக்கு இன்று இருக்கும் மிகச் சிறந்த சாட்சி அந்த அடித்தளமும் மூன்று சுவர்களும்தான்.

அரசு உரிமம் பெற்ற நில அளவையாளரையும் கட்டடப் பொறியாளரையும் வைத்து, பழைய பகுதி தனியாக, 2019 சேர்க்கை தனியாக அளந்து வரைபடம் போடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் நடந்தால் இன்னும் நல்லது. நாலாபக்கமும் தேதியோடு புகைப்படம், வீடியோ. காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் பார்த்து முடித்துவிட்டார், இனி அகற்றலாம் என்று எழுத்தில் வாங்கிய பிறகே கை வைக்க வேண்டும். அகற்றும்போதும் அடித்தளத்தைத் தோண்டி எடுக்காதீர்கள். சாயும் சுவரால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் அதை மட்டும், படம் எடுத்துவிட்டு இறக்கலாம்.

ஒப்புதல் வரைபடத்தின் அசல் எரிந்துவிட்டது, கைப்பேசியில் ஒரு படம் மட்டும் இருக்கிறது என்கிறீர்கள். உங்கள் காகிதங்கள் எரியாமல் இருக்கும் ஓர் இடம் உண்டு: வங்கி. 2019-ல் கடன் கொடுத்தபோது பட்டா, வரைபடம், மதிப்பீட்டாளர் அறிக்கை எல்லாவற்றையும் வாங்கிக் கோப்பில் வைத்திருப்பார்கள். கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதி நகல் கேளுங்கள். ஊராட்சியிலும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் தகவல் உரிமைச் சட்டத்தில் சான்றிட்ட நகல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பதிவேடு இல்லை என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள், அதுவும் பயன்படும். கூடவே பழைய வீட்டு வரிப் பதிவேட்டின் நகல், மின் இணைப்பு தந்த தேதி, தீயணைப்பு நிலைய அறிக்கை, காவல் நிலைய ரசீது.

இவற்றோடு மறுகட்டுமானத்துக்கான விண்ணப்பத்தை ஊராட்சிக்கும், நகலை மாவட்ட ஆணையத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தலைவர் வாயால் சொன்ன மறுப்புக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. எழுதி மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். பதிலே சொல்லாமல் இழுத்தால், முடிவெடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். விண்ணப்பமே கொடுக்காதவருக்கு இந்தக் கதவு எதுவும் திறக்காது.

ரிசார்ட்டின் நோட்டீஸுக்கு ஒரு வழக்கறிஞர் மூலம் சுருக்கமாகப் பதில் அனுப்புங்கள்: அனுமதி கோரியிருக்கிறோம், அனுமதி இல்லாமல் எதுவும் கட்டவில்லை என்று. சண்டை வார்த்தை வேண்டாம். நாளை அவர்கள் சென்னையில் உள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும் இந்தப் பதில் உங்கள் நல்லெண்ணத்தைக் காட்டும். அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை வாங்கப் பார்ப்பார்கள் என்று தோன்றினால், உங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதிருக்க கேவியட் மனு போட்டு வைக்கலாம். அது 90 நாள் செல்லும்.

காப்பீட்டில் பொய் வேண்டாம்

"கேஸ் லீக் என்று சொன்னால் நம் கவனக்குறைவு என்று பணம் தரமாட்டார்கள், கரண்ட் ஷார்ட் என்று சொல்" என்று கணவரின் தம்பி சொன்னாராம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். தவறான யோசனை. தீ விபத்துக் காப்பீடு சாதாரணக் கவனக்குறைவுக்கும் சேர்த்துத்தான். வேண்டுமென்றே வைத்த தீக்குத்தான் பணம் கிடையாது. மாறாக, பொய்யான காரணம் சொல்லி மாட்டிக்கொண்டால் மொத்தக் கோரிக்கையும் போய்விடும். தீயணைப்பு நிலைய அறிக்கையில் ஒன்று, உங்கள் படிவத்தில் இன்னொன்று என்று இருந்தால் சர்வேயர் முதல் நாளே பிடித்துவிடுவார்.

உண்மையைச் சொல்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எரிவாயு விபத்துகளுக்கு எண்ணெய் நிறுவனங்கள் தாங்களே பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. நாம் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. அதனால் பலருக்கு இது தெரிவதே இல்லை. பதிவு செய்த முகவரியில் ஏற்பட்ட சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். காயத்துக்கான மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை. அம்மாவின் சிகிச்சை ரசீதுகளை எடுத்து வையுங்கள். விநியோகஸ்தரிடம் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, இந்த வாரமே செய்யுங்கள். எரிந்த ரெகுலேட்டரையும் குழாய்த் துண்டையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இனி உங்கள் பாலிசி. அப்பா இறந்ததால் பாதி போய்விடாது. அவருடைய உரிமை வாரிசுகளுக்கு வரும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்கிக் கொடுங்கள். இந்த ஒன்றில் நிறுவனம் கேட்பது நியாயம். கடன் பாக்கி இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேய்மானம் கழிப்பது பற்றி. புனரமைப்பு மதிப்பு என்ற நிபந்தனையோடு எடுத்த பாலிசியில், திரும்பக் கட்டினால் புதிதாகக் கட்டும் செலவு கிடைக்கும். கட்ட முடியாவிட்டால், அல்லது கட்டாவிட்டால், தேய்மானம் போக மீதி. வழக்கமாக 12 மாதத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்று இருக்கும்; நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டால் காலம் நீளும். உங்கள் பாலிசியில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் படியுங்கள். இங்கேதான் இரண்டு தகராறுகளும் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன: அனுமதி தாமதமாக ஆக, காப்பீட்டுப் பணம் குறைகிறது. எனவே "மறுகட்டுமானம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதே, விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, கால நீட்டிப்பு வேண்டும்" என்று விண்ணப்ப நகலை இணைத்து இன்றே நிறுவனத்துக்கு எழுதுங்கள். தேய்மானம் கழித்த தொகையை அவர்கள் இப்போது தருவதாக இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் "முழு இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆட்சேபத்துடன் பெறுகிறேன் என்று எழுதுங்கள்.

மறுத்தால், நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் பார்த்துவிட்டு, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணம் இல்லை. 50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை அவர் கேட்பார். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. அதற்கு இரண்டு ஆண்டு.

அண்ணனும் விற்பனையும்

அப்பா சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சமபங்கு. கல்யாணத்துக்கு நகை போட்டது, சீர் செய்தது எதுவும் இந்தப் பங்கைக் குறைக்காது. குடியிருக்கும் வீட்டில் மகள் பாகம் கேட்க முடியாது என்றிருந்த 23-வது பிரிவையும் 2005-ல் நீக்கிவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் சொல்வது முழுத் தவறு. அம்மாவும் நீங்களும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு.

அவர் தன் மூன்றில் ஒரு பங்கை விற்க முயலலாம். அதற்கும் தடுப்பு இருக்கிறது. வாரிசாக வந்த அசையாச் சொத்தில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால், அதை வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு என்கிறது அதே சட்டத்தின் 22-வது பிரிவு. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், உங்களோடு சேர்ந்து குடியிருக்க உரிமை கேட்க முடியாது. இந்தப் பாதுகாப்பு குடியிருக்கும் வீட்டுக்கானது. மனை வெறும் மணலாகிவிட்டால் அதைக் கேட்பது கடினமாகும். இடிபாட்டை அவசரப்பட்டு அகற்றாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அம்மாவும் நீங்களும் சேர்ந்து அண்ணனுக்கும் ரிசார்ட்டுக்கும், எங்களைக் கேட்காமல் விற்பனை செல்லாது, முன்னுரிமை எங்களுக்கு என்று அறிவிப்பு அனுப்பிவிடுங்கள்.

ரிசார்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கட்டக்கூடாது என்று அவர்கள் காட்டும் அதே விதி, அந்த மனையில் அவர்களும் புதிதாகக் கட்டக்கூடாது என்கிறது. அப்படியிருந்தும் வாங்க ஆசைப்படுகிறார்கள் என்றால், கடலைப் பார்த்த திறந்த முகப்பு அவர்களுக்கு வேண்டும். நோட்டீஸ் மனையின் விலையை இறக்குவதற்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். ஒருவேளை மூவரும் விற்பதென்றே முடிவு செய்தாலும், பயந்து விற்கும் விலைக்கு விற்காதீர்கள். அண்ணனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்; விலை என்று வந்தால் அவரும் கேட்பார்.

அவர் விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால் பதிவு செய்த விடுதலைப் பத்திரமாக எழுதி வாங்குங்கள். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணத்தில் உச்சவரம்பு இருக்கிறது. வாய்ப்பேச்சும் வெள்ளைத்தாளும் போதாது.

பக்கத்து வீட்டுக்காரர்

சட்டப்படி, தீ உங்கள் வீட்டிலிருந்து பரவியது என்பதாலேயே நீங்கள் இழப்பீடு தர வேண்டியதில்லை. உங்கள் கவனக்குறைவால் பரவியது என்று அவர்கள் நிரூபிக்க வேண்டும். 4 லட்சம் இழப்பு என்பதையும் நிரூபிக்க வேண்டும். குழாய் எத்தனை ஆண்டு பழையது, கசிவு வாடை வந்தபோது யார் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அங்கே கேள்வியாகும். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உங்களுடையது எப்போது மாற்றியது என்று நீங்கள் எழுதவில்லை. எண்ணெய் நிறுவனக் காப்பீட்டின் சொத்துச் சேதப் பகுதி உங்கள் முகவரிக்குத்தான், அவர்கள் வீட்டுக்குப் பொருந்தாது. உங்கள் பாலிசியில் மூன்றாம் நபர் பொறுப்பு சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் அவர்கள் வலை எரிந்து தொழில் நின்றுபோனவர்கள். நாளை உங்கள் வீடு அங்கே பல ஆண்டாக இருந்தது என்று தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்லப்போகிறவர்களும் அவர்கள்தான். வழக்குக்கு விடாதீர்கள். மீனவர் பஞ்சாயத்தில் பேசித் தீர்ப்பது நம் கடற்கரையில் வழக்கம், பேசுங்கள். ஆனால் அங்கே எழுதும் தாளுக்கு நீதிமன்ற உத்தரவின் பலம் கிடையாது. ஒத்துவந்த தொகையையும் தவணையையும் வட்டச் சட்டப் பணிகள் குழுவின் மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பதிந்துகொள்ளுங்கள். வழக்குப் போடாமலேயே அங்கே போகலாம், கட்டணம் இல்லை. அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் கிடையாது. குற்றத்தை ஒப்புக்கொள்வதாக எந்தத் தாளிலும் எழுத வேண்டாம். உதவியாகத் தருகிறோம் என்று எழுதுங்கள். ஓலை வீடு எரிந்தவர்களுக்கு வட்டாட்சியர் மூலம் அரசின் நிவாரணம் உண்டு. அவர்கள் விண்ணப்பிக்க நீங்களே துணைக்குப் போகலாம்.

இத்தனைக்கும் வழக்கறிஞர் வைக்கப் பணம் எங்கே என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், இருவர் பெயரிலும் மனு கொடுங்கள். போகும்போது பட்டா, பாலிசி, ரிசார்ட்டின் நோட்டீஸ், தீயணைப்பு அறிக்கை, அப்பாவின் இறப்புச் சான்று, கைப்பேசியில் இருக்கும் அந்த வரைபடத்தின் அச்சுப்பிரதி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சுனாமி குடியிருப்பு வீட்டின் ஒதுக்கீட்டு ஆணை அதற்குள் கிடைத்திருந்தால், அதை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.